பொனட்டில் விரிந்த சிறகு: வாகனப் பகுதி வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் அமெரிக்காவின் 'மசில் கார்'களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். நடுத்தர அளவான உடலுக்குள் கம்பனியிடமிருந்த பெரிய வீ-8 எஞ்சினைப் பொருத்தி, இளைஞரால் வாங்கக்கூடிய விலைக்கு விற்ற வண்டிகள் அவை. 1964இன் பொண்டியாக் ஜி.ரி.ஓ.விலிருந்து அந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். எஞ்சினைப் பற்றிய கேள்விகளே வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். ஆனால் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவ்வண்டிகளின் உடலில் இருந்த படங்களையும் பட்டைகளையும் பற்றியே கேட்டிருந்தன. மட்டக்களப்பு–கல்முனை வீதியில் ஒரு மணித்தியாலம் நின்று, போகும் தனியார் பஸ்களின் பக்கங்களைப் பார்த்தவருக்கு இது வியப்பாக இராது.

கேள்வி: கட்டாரில் வேலை செய்யும் எனது காக்கா விடுமுறையில் வந்தபோது என் மகனுக்கு ஒரு சிறிய மாதிரிக் கார் கொண்டுவந்தார். கறுப்பு நிறம், பொனட் முழுவதும் பொன்னிறத்தில் சிறகு விரித்த ஒரு பறவை. இது விளையாட்டுப் பொருள் செய்தவர்களின் கற்பனையா, அல்லது கம்பனியே இப்படியொரு படத்துடன் காரை விற்றதா?
(காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கம்பனியே விற்றதுதான். உங்கள் மகனிடம் இருப்பது பொண்டியாக் பயர்பேர்ட் ட்ரான்ஸ் ஆம் என்ற காரின் மாதிரி. பயர்பேர்ட் என்றால் தீப்பறவை. பெயருக்கு ஏற்ற படம், அமெரிக்கப் பழங்குடியினரின் ஓவியங்களில் வரும் பறவையின் சாயலில் வரையப்பட்டது. ஆயினும் ட்ரான்ஸ் ஆம் பிறந்தபோதே அந்தப் பறவை அதன்மேல் இருக்கவில்லை. 1969இல் வெளிவந்த முதல் 697 வண்டிகளும் வெள்ளை உடலில் நீலப் பட்டைகளுடன் மட்டுமே வந்தன. அடுத்த வடிவத்தில், மூக்கின் நுனியில் உள்ளங்கையளவான ஒரு பறவை வந்து உட்கார்ந்தது.

பொனட் நிறையப் பறவை வைக்கும் எண்ணம் வடிவமைப்பாளர்களிடம் அப்போதே இருந்தபோதிலும், பொண்டியாக்கின் தாய்க் கம்பனியான ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக இருந்த பில் மிச்செல் அதனை விரும்பவில்லை. பொண்டியாக் வடிவமைப்புக் கூடத்தை நடத்திய ஜோன் ஷினெல்லா விடாமல் முயன்று அவரை இணங்கவைத்த பின்னர், 1973ஆம் ஆண்டு வண்டிகளில் பெரிய பறவை விருப்பத்தேர்வாக வந்தது. அதற்கான மேலதிக விலை 55 டொலர். 1976இல் பொண்டியாக்கின் ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டுக் கறுப்பும் பொன்னுமான சிறப்புப் பதிப்பு வெளியானது; மறு ஆண்டு ஒரு ஹொலிவூட் நகைச்சுவைப் படத்தில் நடிகர் பேர்ட் ரெனோல்ட்ஸ் அத்தகைய காரொன்றை ஓட்டி நடித்ததும், அந்தப் பறவையை அறியாத வீடு அமெரிக்காவில் இல்லை என்றாயிற்று. 1973இல் ஐயாயிரத்துக்கும் குறைவாக விற்ற ட்ரான்ஸ் ஆம், 1979இல் ஒரு இலட்சத்து 17 ஆயிரத்துக்கு மேல் விற்றது. அதே பறவையை விரும்பாதவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'கத்தும் கோழி'. இன்று அந்தப் பெயரை அதிகம் சொல்லி மகிழ்கின்றவர்கள் அந்தக் கார்களின் சொந்தக்காரர்களே.

மாதிரிக் காரை இன்னொரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். பொனட்டின் நடுவே ஒரு காற்றுப் பெட்டி மேலெழுந்து நிற்கும். அது எஞ்சினோடு பிணைக்கப்பட்டு எஞ்சினோடு சேர்ந்து நடுங்குவதால் அதற்கு 'ஷேக்கர்' என்று பெயர். 1977ஆம் ஆண்டு வண்டியில் அந்தப் பெட்டியின் பக்கத்தில் 'ரி/ஏ 6.6' என்று ஒட்டியிருந்தால் உள்ளே இருப்பது 200 குதிரைவலுவுள்ள பொண்டியாக் எஞ்சின். '6.6 லீற்றர்' என்று ஒட்டியிருந்தால் அது வலுக் குறைந்த வகை. சில மாநிலங்களில் அது பொண்டியாக் எஞ்சின்கூட அல்ல, சகோதரக் கம்பனியான ஓல்ட்ஸ்மொபீலிடமிருந்து வாங்கியது. பொனட்டைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும் எழுத்து அது. பழைய கார் வாங்குகின்றவர்கள் பறவையை ரசிப்பதற்கு முன் இந்தச் சிறு எழுத்தைத்தான் தேடுவார்கள். பொய்யான எழுத்தை ஒட்டி விலையேற்றுகின்றவர்களும் இதே காரணத்தால்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: பொனட்டிலிருந்து கூரை வழியாகப் பின்பக்கம் வரை ஓடும் இரட்டைப் பட்டை எங்கிருந்து வந்தது?
(சம்மாந்துறை, க.பொ.த. உயர்தர மாணவன்)

பதில்: ஓட்டப்பந்தயத் தடத்திலிருந்து வந்தது. நாடுகளுக்கு இடையிலான கார்ப் பந்தயங்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம் இருந்த காலம் அது: இத்தாலிக்குச் சிவப்பு, பிரித்தானியாவுக்குக் கரும்பச்சை, பிரான்சுக்கு நீலம். அமெரிக்காவுக்கு வெள்ளையும் நீலமும். 1950களில் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற செல்வந்தர் பிரான்சின் லு மொன் 24 மணிநேரப் பந்தயத்துக்குக் கொண்டுசென்ற வெள்ளைக் கார்களில் நெடுக்காக நீலப் பட்டைகள் ஓடின. 1965இல் கரோல் ஷெல்பி, போர்ட் முஸ்டாங்கை மாற்றியமைத்து ஜி.ரி.350 என்ற வண்டியை விற்றபோது, அவ்வாண்டு வண்டிகள் அனைத்தையும் வெள்ளை நிறத்திலேயே கொடுத்து, மேலே ஓடும் நீலப் பட்டையை விரும்பியவருக்குச் சேர்த்துக் கொடுத்தார். 1967இல் செவர்லே கமாரோ இசட்/28உம் இரட்டைப் பட்டையுடன் வந்தது. அதன் பின்னர் பந்தயத்துக்குப் போகாத கார்களும் அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டன. கச்சேரிக்குப் போகாதவரும் பட்டுச் சால்வை போடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் லாரி ஷினோடா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1969இன் முஸ்டாங் பொஸ் 302க்குப் பக்கவாட்டில் 'சி' எழுத்தைப் போன்ற பட்டையையும், 1970இல் பொனட்டில் தொடங்கி மட்காட் வழியாகச் சரிந்து கதவின் ஓரமாக ஓடும் ஹொக்கி மட்டை போன்ற பட்டையையும் வரைந்தவர் அவர். நேராகக் கிடந்த பட்டை காரின் வளைவோடு சேர்ந்து வளையத் தொடங்கியது இப்படிப்பட்ட கைகளால்தான்.

கேள்வி: நான் வாழைச்சேனைத் துறையில் தூரிகையால் படகுகளுக்குப் பெயரெழுதி வாழ்ந்தவன். இப்போது பிள்ளைகள் கணினியில் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். பெரிய கம்பனிகளுக்கும் ஸ்டிக்கர் மலிவு என்பதுதான் காரணமா, அல்லது வேறு ஏதும் உண்டா, ஐயா?
(வாழைச்சேனை)

பதில்: ஐயா, நானும் இளவயதில் நகரத்து விளம்பரப் பலகைக் கடையொன்றில் லொறிகளுக்குப் பெயரெழுதியவன் என்பதால், உங்கள் கேள்வியின் பின்னாலிருக்கும் வருத்தம் எனக்குப் புரியும். மலிவு ஒரு காரணம்தான்; ஆனால் அதனோடு நேரமும் சேர்ந்திருந்தது. தொழிற்சாலையின் ஓடும் வரிசையில் இரண்டாவது நிறத்தை ஸ்பிரே பண்ண வேண்டுமானால், முதல் நிறம் சூளையில் காய்ந்த பின்னர், எல்லையெங்கும் ரேப் ஒட்டி, தாள் சுற்றி, மறுபடி அடித்து, மறுபடி சூளைக்குள் அனுப்ப வேண்டும். ஸ்டிக்கர் செய்யும் பிளாஸ்ரிக் தாளான வினைலை அச்சில் வெட்டி ஒட்டுவதற்கோ பழகிய இரண்டு தொழிலாளிகளும் சில நிமிடங்களும் போதும். காரின் உருவத்தை மாற்ற வேண்டுமானால் இரும்புத் தகட்டை அழுத்தும் அச்சுகளையே புதிதாகச் செய்ய வேண்டும், அதற்குப் பெருந்தொகை செலவாகும்; ஒரே தகட்டின்மீது வேறொரு படத்தை ஒட்டினால் வேறொரு வண்டியாக விற்கலாம். ஆயினும் எல்லாரும் உடனே தூரிகையையும் ஸ்பிரேயையும் விட்டுவிடவில்லை. கமாரோவின் பட்டைகள் அப்போது பெயின்றிலேயே அடிக்கப்பட்டன.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது 1968இன் பிளிமத் ரோட் ரன்னர். தரைக்குக் கம்பளமும் இல்லாத, சோடனையெல்லாம் கழற்றிய ஒரு காரில் 335 குதிரைவலு எஞ்சினை வைத்து, 2,896 டொலர் விலையில் இளைஞரிடம் கொடுப்பது திட்டம். சோடனைக்குப் பணமில்லாத அந்த வண்டிக்கு, பெயருக்கும் உருவத்துக்குமாக வோர்னர் பிரதர்ஸ் நிறுவனத்திடம் 50,000 டொலர் கொடுத்து, கார்ட்டூன் பறவையொன்றை வாங்கிக் கதவிலும் டிக்கியிலும் ஒட்டினார்கள். ஹோர்னும் அந்தப் பறவையைப் போலவே 'பீப் பீப்' என்று ஒலித்தது. முதல் ஆண்டின் பறவை கறுப்பு வெள்ளையில்தான் இருந்தது. 1969இல் அதற்கு நிறம் வந்தது. ரோட் ரன்னர் என்ற அந்தப் பறவை அமெரிக்கப் பாலைநிலத்தில் ஓடித் திரிவது. நமது வேலியோரம் நடந்து திரியும் செண்பகத்தைப் போல அதுவும் குயில் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓராண்டில் ஏறத்தாழ 45,000 வண்டிகள் விற்றன. ஒரு வண்டிக்கு ஒன்றரை டொலருக்கும் குறைவான செலவில் ஒரு முகம் கிடைத்துவிட்டது என்று கணக்கிட்டுப் பார்த்தால், நீங்களும் நானும் ஏன் தோற்றோம் என்பது விளங்கும்.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. டொட்ஜ் தனது சுப்பர் பீயின் வால்பக்கத்தைச் சுற்றி வண்டின் பட்டையைப் போட்டு, தலைக்கவசம் அணிந்து சில்லுகளில் ஓடும் ஒரு தேனீயையும் ஒட்டியது. பொண்டியாக், ரோட் ரன்னருக்கு எதிராக மலிவான ஒரு ஜி.ரி.ஓ.வைத் திட்டமிட்டு, இறுதியில் சாதாரண ஜி.ரி.ஓ.வின் விலைக்குமேல் 332 டொலர் வாங்கும் 'த ஜட்ஜ்' என்ற வண்டியை 1969ஆம் ஆண்டுக்குக் கொண்டுவந்தது. செம்மஞ்சள் உடலில் பல நிறப் பட்டையும், மட்காட்டில் குழந்தை எழுதியதைப் போன்ற உருண்டை எழுத்தில் பெயரும் இருந்தன. என் பார்வையில் எல்லாவற்றிலும் துணிச்சலானது சிறிய கம்பனியான ஏ.எம்.சி. அதே ஆண்டில் செய்த எஸ்.சி./ராம்ப்ளர். 2,998 டொலர் விலை. மொத்தம் 1,512 வண்டிகள். வெள்ளை உடலில் சிவப்பும் நீலமும். பொனட்டில் காற்றுப் போகும் துவாரத்தைக் காட்டிப் பெரிய நீல அம்புக்குறி ஒன்று, அதன் அருகில் 'காற்று' என்ற சொல். திருமண வீட்டுக்குச் சந்தியில் வழிகாட்டிப் பலகை வைப்பதைப் போல, காற்றுக்கு வழிகாட்டிய கார் அது ஒன்றுதான்.

கேள்வி: பழைய படங்களைப் பார்க்கும்போது, 1970களின் பிற்பகுதியில் ஸ்டிக்கர்கள் மிகப் பெரிதாகிவிட்டதைக் காண்கிறேன். எஞ்சின்களும் அப்போது பெரிதாகினவா?
(களுவாஞ்சிக்குடி)

பதில்: இல்லை, அவை அடங்கின. 1971இலிருந்து ஈயம் குறைந்த பெற்றோலுக்கும் புகைக் கட்டுப்பாட்டுக்கும் ஏற்ப எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். காப்புறுதிக் கட்டணம் இளைஞரை விரட்டியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1970இன் பொஸ் 302 முஸ்டாங்குக்கு 290 குதிரைவலு என்று கம்பனி சொன்னது. அதே 302 கன அங்குல அளவுள்ள எஞ்சினோடு, பொனட் முழுவதும் படமெடுத்த நாகத்தை ஒட்டி 1978இல் வந்த முஸ்டாங் 2 கிங் கோப்ராவுக்கு 139 குதிரைவலு. 1972இலிருந்து அளக்கும் முறையே மாறியதால் இந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் பாம்பு பெரிது, பல் சிறிது. இந்தக் கார்களைக் கேலி செய்வது வழக்கம். நான் அவ்வளவு கேலி செய்ய மாட்டேன். வேகத்தை விற்க முடியாத காலத்தில் வேகத்தின் நினைவையாவது விற்றார்கள், வாங்கியவரும் அறிந்தே வாங்கினார்.

கேள்வி: வாப்பா விட்டுச் சென்ற பொக்ஸ் லான்சர் காரைத் திருத்திப் புதிதாகப் பெயின்ற் அடித்திருக்கிறேன். வெள்ளை உடலில் நீல இரட்டைப் பட்டை போட ஆசை. கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீற்றரில் வீடு. ஸ்டிக்கர் நல்லதா, பெயின்ற் நல்லதா? முன்பு ஒருமுறை ஒட்டிய பட்டை ஒரே வருடத்தில் சுருங்கி ஓரமெல்லாம் கறுத்துவிட்டது.
(அக்கரைப்பற்று)

பதில்: உங்கள் பழைய பட்டை சுருங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் வினைலின் வகையாக இருக்கும். வினைல் இரண்டு விதமாகச் செய்யப்படுகிறது. ஒன்று, சூடான உருளைகளுக்கு இடையே மா உருட்டுவதைப் போல அழுத்தி இழுத்துச் செய்வது. இழுபட்ட அந்தத் தாள் வெயிலில் சூடேறும்போது தனது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், ஓரத்தில் பசை வெளியே தெரியும், அதில் தூசி ஒட்டிக் கறுக்கும். மற்றது, திரவமாக ஊற்றிப் படியவைத்து உலர்த்துவது. அதற்குள் இழுவிசை இல்லாததால் அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். முதலாவது ஏறத்தாழ 75 முதல் 100 மைக்ரோன் தடிப்பு. ஊற்றிச் செய்தது ஏறத்தாழ 50 மைக்ரோன், விலையும் கூட. கடைப் பெயர்ப்பலகைக்கு முதல் வகை போதும். பொனட்டுக்கு ஊற்றிச் செய்த வகையையே கேட்டு வாங்குங்கள், சுருளின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் வகைப் பெயரையும் உங்கள் கண்ணால் பாருங்கள். எதுவாயினும், பொனட், கூரை, டிக்கி ஆகியவை வானத்தைப் பார்த்துக் கிடப்பதால், பக்கவாட்டில் ஒட்டியதைவிட அங்கே ஒட்டியது வேகமாக மங்கும். நிழலில் நிறுத்த இடமில்லாதவருக்குப் பெயின்ற் அடித்து மேலே கிளியர் கோட் போடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் மனம் மாறினால் ஸ்டிக்கரைக் கழற்றலாம், பெயின்றைக் கழற்ற முடியாது.

ஸ்டிக்கர்தான் என்று முடிவெடுத்தால், முதலில் பொறுமை வேண்டும். புதுப் பெயின்றிலிருந்து கரைப்பான் ஆவி சில கிழமைகளுக்கு வெளியேறிக்கொண்டிருக்கும். அதற்குமேல் வினைலை மூடினால் கொப்புளம் போடும். ஒரு மாதமாவது விடுங்கள். கடற்காற்றில் வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்திருக்கும் என்பதால், சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, உலர்ந்த பின் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடையுங்கள். மெழுகுப் பொலிஷ் தடவிய காரில் எதுவும் ஒட்டாது. காலையில், வெயில் ஏறுமுன், காற்றில் மணல் வராத கராஜுக்குள் வேலையைத் தொடங்குங்கள். தகடு கையால் தொட முடியாத சூட்டில் இருந்தால் பசை பட்ட இடத்திலேயே பிடித்துவிடும், நகர்த்தித் திருத்த முடியாது.

பொனட்டின் நடுக்கோட்டை அளவுநாடாவால் மூன்று இடங்களில் குறித்து, நூல் பிடித்து, முதலில் மாஸ்கிங் ரேப்பால் பட்டையின் ஓரங்களை ஒட்டிப் பாருங்கள். பிறகு பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அளவுநாடா சரியென்று சொன்னாலும் கண் சரியென்று சொல்லாவிட்டால் கண்ணின் பேச்சைக் கேளுங்கள். சில துளி சவர்க்காரம் கலந்த தண்ணீரைத் தகட்டின்மீது தெளித்து வினைலை வைத்தால் அது மிதந்து நகரும். இடம் சரியானதும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் துணி சுற்றிய ரப்பர்த் தகட்டால் தண்ணீரைத் தள்ளுங்கள். சில புதிய வினைல் வகைகளின் பசையில் காற்று வெளியேறுவதற்கான நுண்ணிய வாய்க்கால்கள் உண்டு. அவற்றை உலர்ந்த தகட்டில்தான் ஒட்ட வேண்டும். கொப்புளம் மிஞ்சினால் பிளேட்டால் கீறாமல் ஊசியால் குத்தி அழுத்துங்கள். பொனட்டின் விளிம்பில் வினைலை மடித்து உள்ளே சிறிது விட்டு, முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி அழுத்த வேண்டும். விளிம்போடு வெட்டி நிறுத்தினால் உப்புக்காற்று முதலில் அங்கேதான் நுழையும்.

ஒரு பட்டைக்காக அல்ல, உடலின் பெரும்பகுதியையே வேறு நிறத்தால் மூட நினைப்பவர்கள், வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்து, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அக்காலத்து ஸ்டிக்கர்கள் இன்றும் கிடைக்கின்றனவா?
(ஏறாவூர்)

பதில்: அமெரிக்காவில் பழைய அளவுகளின்படி புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். ஐம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த அசல் ஸ்டிக்கர் சேகரிப்புக்கு நல்லது, ஒட்டுவதற்கு நல்லதல்ல; பசை காய்ந்து வினைல் நொறுங்கும். 1969இன் முஸ்டாங் மாக் 1 போன்ற வண்டிகளின் பட்டைகள் இரவில் எதிர்வரும் வெளிச்சம் பட்டால் மின்னும் பொருளால் ஆனவை. அவற்றுக்குப் பதிலாகச் சாதாரண வினைலை ஒட்டினால் பகலில் வித்தியாசம் தெரியாது, இரவில் தெரிந்துவிடும்.

கேள்வி: நான் முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன். இணையத்தில் ஒரு பழைய அமெரிக்கக் காரின் பின்பக்கத்தை முழுவதும் மறைத்து '440' என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதே போல எனது வண்டியில் ஒட்டலாமா, அண்ணன்?
(கொக்கட்டிச்சோலை)

பதில்: தம்பி, நீங்கள் பார்த்தது 1971இன் பிளிமத் குடாவாக இருக்க வேண்டும். பரகூடா என்பதன் சுருக்கம் அது. நமது மீனவர் சீலா என்று சொல்லும் மீன். கதவு முடியும் இடத்திலிருந்து பின்விளக்கு வரை ஒரே பலகையாக ஒட்டிய அந்த ஸ்டிக்கருக்கு 'பில்போர்ட்' என்றே பெயர். அதிலிருந்த 340, 383, 440 என்பன எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்பவை. 'ஹெமி' என்ற எழுத்து இருந்தால் அது 426 கன அங்குல எஞ்சின். ஒரு கன அங்குலம் என்பது ஏறத்தாழ 16.4 கன சென்ரிமீற்றர்; ஆகவே 440 என்பது ஏழு லீற்றருக்குச் சற்று அதிகம். உங்கள் வண்டியின் எஞ்சின் ஏறத்தாழ 200 கன சென்ரிமீற்றர் என்றால், கணக்குப்படி அதற்குரிய எண் 12.

440 என்று ஒட்டினால் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் ஒரு நாள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அதே பெரிய எழுத்தில், அதே கறுப்பில், பின்பக்கத் தகட்டை முழுவதும் நிறைத்து 12 என்று ஒட்டிப் பாருங்கள். ஏறுகின்ற ஒவ்வொருவரும் அது என்ன எண் என்று கேட்பார்கள். பின்னால் இருக்கும் இலக்கத்தகட்டையும் விளக்குகளையும் மட்டும் மறைத்துவிடாதீர்கள்.